தாழ்ச்சியும் தாழ்த்தப்பட்டவனும்

போன தவக்காலத்தில் ஊருக்குப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் தாழ்ச்சியைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். லூக்கா நற்செய்தி 18ஆம் அதிகாரத்தில் வருகிற பரிசேயன், ஆயக்காரன் கதை. ஜெபிக்கப் போன இரண்டு பேரில் பரிசேயன், தான் மற்றவர்களைப் போல இல்லை என்பதற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்கிறான். ஆயக்காரன் தூரத்தில் நின்று மாரில் அடித்துக்கொண்டு, தான் பாவி என்கிறான். கடவுளுக்கு ஏற்புடையவனாக வீடு திரும்பியவன் ஆயக்காரன்தான். ஆகவே எல்லோரும் தாழ்ச்சியாக இருக்கணும் என்று சாமியார் முடித்தார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. யாரைப் பார்த்து இதைச் சொல்கிறீர்கள் சாமி?

எங்கள் கோயிலில் முன்பெஞ்சு ஊர்க்காரர்களுக்கு. பின்னால் எங்கள் தெரு. யாரும் போர்டு எழுதி மாட்டவில்லை, எல்லோருக்கும் தெரியும். மாதா தேர் ஊர்த்தெரு நாலையும் சுற்றும், எங்கள் தெருமுனை வந்ததும் திரும்பிவிடும். செத்தால் கல்லறை தனி. தலைமுறை தலைமுறையாகத் தாழ்த்தி வைக்கப்பட்டவனிடம் போய்த் தாழ்ச்சியாக இரு என்றால், அது நற்செய்தியா, நாட்டாமைத் தீர்ப்பா?

இது எங்கள் ஊர்க்கதை மட்டுமில்லை. நெல்லைப் பக்கம் வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோயிலில் சாதிக்கொரு பக்கம், நடுவில் சுவர். பீடம் மட்டும் ஒன்று. 1910இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. உடனே பிள்ளைமாரும் முதலிமாரும் சுவரைத் திருப்பிக் கேட்டுக் கோர்ட்டுக்குப் போனார்கள், தோற்றார்கள். ஒரே அப்பத்தை உண்கிறவர்கள் சுவருக்காக வழக்காடியிருக்கிறார்கள்! நூறு வருசம் கழித்து, 2016இல், இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டு, திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது. நல்லது. அது ஆயக்காரனின் ஜெபம். ஆனால் பாவசங்கீர்த்தனம் செய்தவன் பரிகாரமும் செய்யணும் என்று, புதுநன்மைக்கு முன்னாலேயே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நீங்கள்தானே?

என் சித்தப்பாவைப் பற்றிச் சொல்லணும். அரசுப் பள்ளி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சான்றிதழில் 'இந்து' என்று இருந்ததால் கிடைத்த வேலை. 1950ஆம் வருசக் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியாக இருக்க இந்துவாக இருக்கணும் என்றது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவ தலித்துக்கு இன்றைக்கும் கதவு மூடித்தான் இருக்கிறது. மதம் மாறினால் சாதி போய்விடும் என்று ஆணை நினைக்கிறது. எங்கள் கல்லறைச் சுவர் அப்படி நினைக்கவில்லை.

சித்தப்பா ஒரு ஞாயிறும் பூசையைத் தவறவிட்டதில்லை. ஆனால் நன்மை வாங்க மாட்டார். கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நிற்பார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "ரெண்டு பேர வச்சிக்கினு எப்பிட்றா வாயத் தொறந்து நன்ம வாங்கறது?" என்றார்.

தோழர்களே, யோசித்துப் பாருங்கள். வயிற்றுக்காகச் சான்றிதழில் ஒரு பொய்யைச் சுமந்தவர் கூசிப்போய்த் தூணோரம் நிற்கிறார். மனுசனை மனுசனாக மதிக்காதவன் முதல் ஆளாகப் போய் நாக்கை நீட்டுகிறான். 2024 நவம்பரில் புதுச்சேரி வழக்கு ஒன்றில், உண்மையான நம்பிக்கையில்லாமல் இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்துவாகிறேன் என்பது அரசியல் சட்டத்துக்குச் செய்யும் மோசடி என்றது உச்ச நீதிமன்றம். பொய் பொய்தான், நான் மறுக்கவில்லை. சித்தப்பாவும் மறுக்கவில்லை, அதனால்தான் தூணோரம் நிற்கிறார். அந்தப் பொய்யைச் சொல்ல வைத்த சட்டத்தை யார் தூணோரம் நிறுத்துவது?

இத்தோடு நான் முடித்திருந்தால் நானும் பரிசேயன்தான்.

ஆயக்காரன் ஏழையில்லை, தீண்டப்படாத சாதியுமில்லை. ரோமை ஆட்சிக்காக வரி வசூலித்தவன். என்னைப் போலக் காசு எண்ணுகிறவன். அவன் சொன்ன பாவம் அடுத்தவன் பாவமில்லை, அவனுடையது. அப்படியானால் என்னுடையது எது?

எங்கள் வங்கிக் கிளையைப் பெருக்க ஓர் அக்கா வருகிறார். அருந்ததியர். டீ வந்தால் எங்களுக்கெல்லாம் கண்ணாடி கிளாஸ், அந்த அக்காவுக்கு மட்டும் பேப்பர் கப். மூன்று வருசம் அதைப் பார்த்துக்கொண்டே என் டீயைக் குடித்தேன். பறையனான எனக்குக் கண்ணாடி கிளாஸ் வந்துவிட்டதே என்ற நிம்மதி உள்ளுக்குள் இருந்தது. இரட்டைக் குவளையைப் பற்றிக் கவிதை எழுதிக் கைதட்டு வாங்கியவன் நான். 'நான் அவர்களைப் போல இல்லை' என்கிற அதே ஜெபத்தைத்தான் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு தினமும் சொல்லியிருக்கிறேன்.

ஊரிலிருந்து திரும்பியதும் மேசையில் எல்லோர் எதிரிலும் இதைப் பேசினேன். இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இப்போது எல்லோருக்கும் ஒரே கிளாஸ். முதல்நாள் அந்த அக்கா வாங்கிக் குடித்துவிட்டு, "இப்பத்தான் கண்ணு தெரிஞ்சுதா சார்?" என்று கேட்டார். எந்தச் சாமியாரும் எனக்கு அப்படியொரு பரிகாரம் கொடுத்ததில்லை.

கேஷ் கவுண்டரில் சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது பணம் குறைந்தால் கையிலிருந்து போடணும். கூடினாலும் மறைக்கக்கூடாது, எழுதணும். கடவுளுக்கு முன்னால் நேர்மை என்பதும் இவ்வளவுதான் என்று தோன்றுகிறது. நமக்கு வரவேண்டியதையும் எழுதணும், நாம் கொடுக்கவேண்டியதையும் எழுதணும். ஆதிக்கசாதி நமக்குப் பட்ட கடனை உரக்கக் கேட்போம். அருந்ததியருக்கும் நம் வீட்டுப் பெண்களுக்கும் நாம் பட்ட கடனையும் அதே பக்கத்தில் எழுதுவோம்.

இன்னொன்று. ஆயக்காரன் தலை குனிந்தது கடவுளுக்கு முன்னால். பரிசேயனுக்கு முன்னால் இல்லை. தாழ்ச்சி என்றால் முதுகு வளைவது என்று நம் பாட்டன்களுக்குப் பாடம் நடத்தியவர்கள் இந்த இடத்தை மட்டும் எப்படி வாசிக்காமல் விட்டார்கள்?

சாமி, மாதா தேர் எங்கள் தெருவுக்குள் வரட்டும். கல்லறைச் சுவர் விழட்டும். என் சித்தப்பா தூணைவிட்டு முன்னால் வரட்டும். அன்றைக்குத் தாழ்ச்சியைப் பற்றிப் பிரசங்கம் வையுங்கள். முழங்காலில் நின்று கேட்கிறேன்.