கையில் இல்லாததை விற்பது வணிகமா?

அண்மையில் திண்டிவனத்தில் இஷா தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, முன்பு என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் ஓரமாக அழைத்துக் கேட்டார். “ஹஜ்ரத், விலை இறங்கும் என்று தோன்றும் பங்கைக் காலையில் விற்கிறேன். மாலைக்குள் குறைந்த விலைக்கு வாங்கிக் கணக்கை முடிக்கிறேன். அந்நிறுவனம் மது விற்பதில்லை, வட்டித் தொழில் செய்வதில்லை. இதில் என்ன குற்றம்?”

“விற்கும்போது அந்தப் பங்கு உன்னிடம் இருந்ததா?” என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு விடையாகவே இதை எழுதுகிறேன்.

2023 ஜனவரியில் நடந்ததை நினைவுகூருங்கள். அதானி எண்டர்பிரைசஸ் நிறுவனம் 20,000 கோடி ரூபாய்க்குக் கூடுதல் பங்கு வெளியிட முன்வந்தது. விலை 3,112 முதல் 3,276 ரூபாய் வரை. வெளியீடு தொடங்க மூன்று நாள்களுக்கு முன், 24ஆம் தேதி, அமெரிக்காவின் ஹிண்டன்பர்க் நிறுவனம் அக்குழுமத்தின்மீது குற்றச்சாட்டுகளை அடுக்கி அறிக்கை விட்டது. விலை இறங்கினால் தனக்கு ஆதாயம் என்பதையும் அதிலேயே ஒப்புக்கொண்டது. சந்தை விலை வெளியீட்டு விலைக்குக் கீழே சரிந்தது. வெளியே மலிவாகக் கிடைப்பதை உள்ளே அதிக விலைக்கு எவர் வாங்குவார்? சிறு முதலீட்டாளர்கள் தங்கள் ஒதுக்கீட்டில் சுமார் 12 விழுக்காடே கேட்டனர். பெருமுதலாளிகளின் பணத்தால் வெளியீடு நிரம்பியும், பிப்ரவரி 1 அன்று அது கைவிடப்பட்டது. 3ஆம் தேதி அப்பங்கு ஒரு கட்டத்தில் 1,017 ரூபாய் வரை வீழ்ந்தது.

குற்றச்சாட்டுகளைக் குழுமம் மறுத்தது; அவற்றுள் சில நிறுவப்படவில்லை என்று செபி 2025 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு என் வேலையன்று. “குறைகளை அம்பலப்படுத்துவது நன்மைதானே?” என்பவர்களுக்கு மட்டும் ஒரு சொல்: தன் சாட்சியத்தால் தானே ஆதாயம் அடைபவனின் சாட்சியத்தை நம் ஃபிக்ஹு அறிஞர்கள் ஏற்பதில்லை. குறையை மறைத்து விற்பவனும் தப்பவில்லை. மதீனாச் சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியிலிருந்த ஈரத்தைக் கண்டு கண்டித்தவர்கள் நபி (ஸல்) அவர்கள்.

இனி நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். விழுப்புரம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஒருவர், தம்மிடம் ஒரு மூட்டை மணிலாகூட இல்லாமல் நூறு மூட்டையை விற்றுவிட்டு, மாலையில் விலை இறங்கியதும் வாங்கிக் கணக்கை நேர்செய்தால் அவரை வியாபாரி என்போமா? உன்னிடம் இல்லாததை விற்காதே என்று ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் கூறிய தடை இதைத்தான் தொடுகிறது.

“ஸலம் வணிகத்திலும் பொருள் கையில் இல்லையே!” என்று படித்தவர்கள் கேட்பார்கள். நல்ல கேள்விதான். ஆனால் ஸலமில் வாங்குபவர் முழுத்தொகையையும் முன்பே கொடுத்துவிடுகிறார்; அளவு, தரம், தவணை யாவும் முடிவாகின்றன; குறித்த நாளில் பொருள் வந்து சேருகிறது. விதைக்கப் பணமில்லாத உழவனுக்கு அது உதவுகிறது. பகல் வணிகத்திலோ பொருளைக் கொடுக்கும் எண்ணமே விற்பவருக்கு இல்லை. பங்கைக் கடன் வாங்கி விற்பதாகச் சொன்னால், அக்கடனுக்குக் கட்டணம் செலுத்துகிறார். கடன்மீது பெறப்படும் ஆதாயத்தின் பெயர் நமக்குத் தெரியும். தம்மிடம் இல்லாத பங்கை, தரகர் கடன் தருவார் என்ற வாக்குறுதியின் பேரில் விற்பது கூடாதென 1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியும் முடிவு செய்துள்ளது.

பங்கு வாங்குவதையே நான் ஹராம் என்று சொல்லவில்லை. ஆகுமான தொழிலில் கூட்டாளியாகி, லாபத்திலும் நட்டத்திலும் பங்கேற்பது நம் மரபிலேயே உள்ள முறை. ஆனால் பச்சைக் குறி நிறுவனத்தின் தொழிலைப் பற்றியது. நீங்கள் விற்கும் விதத்தைப் பற்றியதன்று. உலகக் கணக்கிலும் இது வெல்லவில்லை. பகல் வணிகம் செய்த தனிநபர்களில் பத்தில் ஏழு பேர் 2022–23இல் நட்டமடைந்தனர் என்பது செபியின் சொந்த ஆய்வு.

மாணவர் இறுதியில் கேட்டார்: “இதுவரை வந்த லாபம்?” அதைக் குடும்பச் செலவில் சேர்க்காமல், நன்மையை எதிர்பாராது ஏழைகளுக்குக் கொடுத்துவிடச் சொன்னேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. தங்கையின் திருமணத்திற்கென எடுத்து வைத்த தொகை அது.