கூப்பிட்டால்தான் கேட்குமாம்!

"பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் அலெக்ஸா கேட்கும்" என்பவர்களுக்கு ஒரு கேள்வி. வருகைப் பதிவில் தன் பெயர் வந்ததும் "உள்ளேன் ஐயா" என்று எழும் மாணவன், அதுவரை மற்ற பெயர்களைக் கேட்காமலா இருந்தான்?

நாம் அணைக்காதவரை மைக் திறந்தேதான் இருக்கிறது. விழும் ஒலி தன் பெயர்தானா என்று கருவி மதிப்பெண் போடுகிறது. தேறினால் விழித்துக்கொண்டு, பேச்சை நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்புகிறது. தேர்ச்சி மதிப்பெண்ணை உயர்த்தினால் கூப்பிட்டும் எழாது. குறைத்தால் கூப்பிடாமலே எழும். அதைத் தீர்மானிப்பது நிறுவனம், அனுபவிப்பது நாம்.

2018இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் ஒரு தம்பதியின் வீட்டுப் பேச்சை எக்கோ கருவி பதிவுசெய்து, அவர்களுக்குத் தெரிந்த ஒருவருக்கே அனுப்பிவிட்டது. அமேசான் தந்த விளக்கம்: ஒரு சொல் 'அலெக்ஸா' போலக் கேட்டதாம், அடுத்தது 'செய்தி அனுப்பு' போல, அதற்கடுத்தது ஒரு பெயர் போல, கடைசியில் 'சரி' போல. நாலு கேள்விக்கும் தப்பான விடை எழுதிய பையனை நாம் பாஸ் போடுவோமா?

வசதியை மறுக்கவில்லை. சந்தேகம் வந்தால் வாயை மூடிக்கொண்டிருக்கும்படி அதைப் பழக்குங்கள் என்றுதான் கேட்கிறேன். அதுவரை, கருவியின் மேலேயே மைக்கை அணைக்கும் பொத்தான் இருக்கிறது. குடும்ப விஷயம் பேசும்போதாவது அதை அழுத்துங்கள்.