மோதிரம் எண்ணுகிறவர்களுக்கு ஒரு கேள்வி

அமெரிக்கக் கால்பந்தில் யார் பெரிய ஆள் என்று பேச்சு ஆரம்பித்தால் போதும், இரண்டாவது நிமிஷமே ஒருத்தர் வந்து நிற்பார். "உங்க ஆளு கையில எத்தனை மோதிரம்?" அவ்வளவுதான், விவாதம் முடிஞ்சது. சூப்பர் பௌல் ஜெயித்தால் ஆளுக்கொரு மோதிரம் தருவார்கள். டாம் பிரேடிக்கு 7. டான் மரினோவுக்கு சைபர். ஆகவே மரினோ வேஸ்ட்.

இது எந்த ஊர் கணக்குங்க?

ஒரு அணியில் 53 பேர். பந்தோடு முன்னேற 11 பேர், எதிரணியைத் தடுக்க வேறு 11 பேர், பந்தை உதைக்கத் தனி ஆள். தடுப்பாட்டம் நடக்கும்போது குவார்ட்டர்பேக் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார். ஐந்தே பேர் ஆடி, அந்த ஐந்து பேரே தாக்கவும் தடுக்கவும் செய்கிற பாஸ்கட்பாலில் கோப்பையை எண்ணினாலாவது கொஞ்சம் நியாயம் இருக்கு. இங்கே?

பிரேடியையே எடுத்துக்கலாம். 2018 பிப்ரவரி சூப்பர் பௌலில் 505 யார்டு எறிந்தார், 3 டச்டவுன், இன்டர்செப்ஷன் ஒன்று கூட இல்லை. முடிவு? ஈகிள்ஸிடம் 41-33 தோல்வி. அடுத்த வருஷம் மறுபடியும் சூப்பர் பௌல். 262 யார்டு, டச்டவுன் பாஸே கிடையாது, ஒரு இன்டர்செப்ஷன் வேறு. ஆனால் வெற்றி, 13-3. ராம்ஸை 3 பாயின்டில் அமுக்கியது பேட்ரியாட்ஸ் டிஃபென்ஸ். மோதிரக் கணக்குப்படி இந்த இரண்டாவது ஆட்டம்தான் உசத்தி!

பெய்டன் மேனிங் கதை இன்னும் தமாஷ். 2013 லீக் ஆட்டங்களில் 55 டச்டவுன், 5,477 யார்டு, இரண்டுமே அன்றைக்குப் புது சாதனை. இறுதிப் போட்டியில் சீஹாக்ஸிடம் 43-8 என்று உதை. 2015-ல் வயசாகி, காயம்பட்டு, 9 டச்டவுனுக்கு 17 இன்டர்செப்ஷன். அந்த சீசனுக்குத்தான் மோதிரம் கிடைத்தது. இறுதிப் போட்டியின் ஆட்ட நாயகன் வான் மில்லர், டிஃபென்ஸ்காரர்.

"நெருக்கடியில் ஜெயிக்கிறவன்தானே வீரன்?" என்பீர்கள். ஒத்துக்கறேன். 2017-ல் 28-3 என்று பின்தங்கியிருந்த ஆட்டத்தை பிரேடி மீட்டது சாதாரண விஷயம் இல்லை. அந்த மீட்பைப் புகழுங்கள், தப்பே இல்லை. ஆனால் கூடுதல் நேரத்தில் டாஸ் ஜெயித்தது பேட்ரியாட்ஸ். அன்றைய விதிப்படி முதல் டச்டவுனோடு ஆட்டம் முடிந்தது, மேட் ரயன் கைக்குப் பந்து வரவேயில்லை. டாஸ் மாறியிருந்தால் பிரேடியின் திறமை குறைந்திருக்குமா?

எடை போடுவது என்றால் இப்படிப் போடுங்கள். மரினோவின் பலம், கண் சிமிட்டும் நேரத்தில் பந்தை விடுவது. 1984-ல் 5,084 யார்டு, 48 டச்டவுன். அந்த யார்டு சாதனையை முறியடிக்க 2011 வரை ஆனது. பலவீனம், கால். ஓடித் தப்பிக்கத் தெரியாது. அவர் ஆடிய ஒரே சூப்பர் பௌலில் சான் பிரான்சிஸ்கோ அணி நெருக்கியதும் 2 இன்டர்செப்ஷன் கொடுத்தார். இது நியாயமான விமர்சனம்.

பேரி சாண்டர்ஸ், 10 சீசனில் 15,269 யார்டு ஓடியவர். மோதிரம் இல்லை. அவர் பலவீனமும் எல்லாருக்கும் தெரியும். கிடைக்கிற இரண்டு யார்டை வாங்கிக்கொள்ளாமல் இருபது யார்டுக்கு ஆசைப்பட்டு, பின்னால் ஓடி மாட்டிக்கொள்வார். 1994 டிசம்பர் 31 பிளேஆஃபில் பேக்கர்ஸ் அவரை 13 ஓட்டத்தில் மைனஸ் 1 யார்டுக்குச் சுருட்டியது. ஆனால் 1997-ல் 2,053 யார்டு கொடுத்ததும் அதே ஆசைதான். பிரெட் ஃபார்வ் அதே ரகம். 508 டச்டவுன், 336 இன்டர்செப்ஷன், எறிந்தது ஒரே கை. பலத்தை மட்டும் பிய்த்து எடுத்துக்கொண்டு பலவீனத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

இதையெல்லாம் பார்க்க நேரம் வேண்டும், ஆட்டம் புரிய வேண்டும். மோதிரம் எண்ண விரல் போதும்.

கடைசியாக அந்தக் கேள்வி. 2001 ஜனவரியில் சூப்பர் பௌல் ஜெயித்த ரேவன்ஸின் குவார்ட்டர்பேக் டிரென்ட் டில்ஃபர். அந்த சீசனின் 16 லீக் ஆட்டத்திலும் சேர்த்து எதிரணிகளுக்கு 165 பாயின்ட் மட்டுமே கொடுத்த டிஃபென்ஸ் அவருடையது. ஜெயித்த கையோடு அணி அவரை அனுப்பிவிட்டது. டில்ஃபருக்கு மோதிரம் 1, மரினோவுக்கு 0.

எங்கே, மரினோவைவிட டில்ஃபர் பெரிய ஆள் என்று ஒருத்தர் தைரியமாகச் சொல்லுங்க பார்ப்போம் :-)