மதிலா, களஞ்சியமா?

கோட்டை கட்டும் விளையாட்டொன்றைக் கணினியில் ஆடத் தொடங்கும் எவரும் முதலிற் செய்வது மதில் எழுப்புவதே. அது இயல்பு. கோட்டை என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண் முன் வந்து நிற்பன மதிலும் கொத்தளமும் அகழியும். அப்பிள் தோட்டத்தையும் மா அரைக்கும் காற்றாலையையும் யார் நினைப்பார்? ஆனால் இவ்வாறு ஆடுபவர் சிறிது நேரத்துள் தோற்றுப் போவர். பகைவன் வந்து வீழ்த்தினான் என்றால் அதில் ஒரு பெருமையாவது உண்டு. பகைவன் எல்லையை மிதிக்கு முன்னரே, வானளாவ எழுந்த மதிலினுள் குடிகள் இல்லாமற் போய்த் தோற்பதை என்னவென்று சொல்வது?

நான் குறிப்பிடுவது ‘ஸ்ட்ரோங்ஹோல்ட்’ என்னும் விளையாட்டை. இங்கிலாந்தில் ‘பயர்பிளை ஸ்டூடியோஸ்’ என்ற நிறுவனம் ஆக்கிய இது 2001 ஆம் ஆண்டில் வெளிவந்தது. கணினி விளையாட்டுக்களின் ஆயுள் பெரும்பாலும் ஈசலின் ஆயுளே. இதுவோ இரண்டு தசாப்தங்களைக் கடந்தும் ஆடப்படுகின்றது. 2023 இல் காட்சிகள் புதுக்கப்பெற்று மறுபதிப்பும் கண்டது. கதை எளியது. மன்னன் சிறைப்பட்ட இங்கிலாந்தைப் பிரபுக்கள் நால்வர் கூறுபோட்டுக் கொள்கின்றனர். எலி, பாம்பு, பன்றி, ஓநாய் என்பன அவர்களுடைய பட்டப்பெயர்கள். அவர்களிடமிருந்து நாட்டை மீட்பது ஆடுபவரின் கடன். கதையில் எனக்கு அவ்வளவு அக்கறை இல்லை; அது ஒரு சாட்டு மாத்திரமே.

இதனை எனக்குக் கற்பித்தவன் என் பேரன். “அப்பப்பா, முதலிலை மதிலைக் கட்டுங்கோ, சனம் தன்ரை பாட்டிலை வரும்” என்பது அவன் எனக்குச் சொன்ன முதற் பாடம். படையெடுப்புப் பற்றிய அவனுடைய அறிவை நான் மதிக்கிறேன். எந்தக் கோபுரத்தில் எத்தனை வில்லாளரை நிறுத்துவது, நிலக்கீல் நிறைத்த பள்ளத்துக்கு எப்போது தீயம்பு எய்வது என்பவற்றில் அவன் என்னிலும் வல்லவன். ஆனால் அந்த முதற் பாடம் பிழையென்பது என் துணிபு. அப்பிழையை அவன் மட்டும் செய்யவில்லை; மதில்களைப் பாடி வைத்த பெரும் புலவர்களும் செய்திருக்கிறார்கள்.

ஆட்டம் தொடங்கும்போது திரையிலே வெறும் நிலம். அதன் நடுவே தலைவன் வதியும் உள்ளரண். அதன் முன்னே ஒரு தீமூட்டம். அத்தீயைச் சுற்றித் தொழிலற்ற குடிகள் சிலர் குளிர் காய்ந்துகொண்டிருப்பர். நாம் ஒரு தொழிலிடத்தைக் கட்டியதும் அவர்களுள் ஒருவர் எழுந்து அங்கே போவார். விளையாட்டு முழுவதும் இந்தத் தீயைச் சுற்றியே நடக்கிறது என்று சொல்லிவிடலாம். அங்கே எவரும் இல்லையாயின் மேலும் குடிசைகள் வேண்டும், அல்லது குடிகள் நம்மை வெறுத்துவிட்டனர். அங்கே கூட்டம் நிறைந்திருந்தால் வேலை கொடுக்காமல் சோறு கொடுத்துக்கொண்டிருக்கிறோம். மதிலைப் பார்க்குமுன் இத்தீயைப் பார்க்கப் பழகுதல் வேண்டும்.

அடுத்து, பொருள்களைக் குவிக்கும் முற்றத்தையும் உணவுக் களஞ்சியத்தையும் எங்கே அமைப்பது என்ற கேள்வி. புதிதாக ஆடுவோர் இதனை ஓர் அற்ப விஷயமாகக் கருதிக் கைபோன இடத்தில் வைத்துவிடுவர். பின்னர் இவற்றைப் பெருப்பிக்க விரும்பினால், புதியவற்றை முன்னையவற்றோடு ஒட்டியே அமைக்க முடியும். ஆதலின் முதலில் வைத்த இடமே ஈறுவரைக்கும் இடம். முற்றம் காட்டுக்கும் கற்குழிக்கும் எட்டாத் தொலைவில் இருந்தால், விறகுவெட்டி தன் வாழ்நாளிற் பாதியை நடந்தே கழிப்பான். கல்லை இழுத்து வரும் எருதின் வேகத்தையோ கேட்கவே வேண்டாம்.

இங்கேதான் இவ்விளையாட்டின் மேன்மை வெளிப்படுகின்றது என்பேன். ஏனைய பல விளையாட்டுக்களில் ஒரு கட்டடத்தை வைத்தவுடன் பொன்னும் தானியமும் எண்ணாக மாறிக் கணக்கில் ஏறிவிடும். இங்கே ஒவ்வொரு பொருளும் ஒரு மனிதனுடைய தோளிலே வருகிறது. ஒரு இறாத்தல் பாணின் பின்னால் நீங்கள் நடந்து பாருங்கள். உழவன் கோதுமையை அரிந்து முற்றத்துக்குச் சுமக்கிறான். காற்றாலைப் பையன் முற்றத்திலிருந்து அதனைத் தூக்கிக்கொண்டு ஆலைக்கு ஓடுகிறான். அரைத்த மா மீண்டும் முற்றத்துக்கு வருகிறது. போறணைக்காரன் வந்து மாவைக் கொண்டுபோய்ப் பாண் சுட்டுக் களஞ்சியத்திற் சேர்க்கிறான். அதன் பின்னரே ஒருவனுடைய வாய்க்கு அது எட்டுகிறது. இத்தனை நடையில் ஒன்று நீண்டாலும் போறணை குளிர்ந்துவிடும். எத்தனை போறணை கட்டினோம் என்பதிலும் அது முற்றத்துக்கும் களஞ்சியத்துக்கும் எவ்வளவு அண்மையில் இருக்கிறது என்பதே பெரிது. அப்பிள் தோட்டமும் வேட்டைக்காரன் குடிலும் விரைவிற் பயன் தரும். தொடக்கத்தில் அவை போதும். ஆயின் குடிகள் பெருகிய பின்னர், மிகுந்த வாய்களுக்குக் குறைந்த கைகளால் உணவூட்ட வல்லது பாண் ஒன்றே. பாற்கட்டிக்காக மாடு வளர்ப்பவர் பொறுமைசாலியாக இருத்தல் வேண்டும்.

மக்களுடைய அன்பு நூறு வரையுள்ள ஓர் எண்ணாகத் தரப்படுகின்றது. ஐம்பதுக்கு மேலிருந்தால் புதியவர் வந்து குடியேறுவர். கீழே இறங்கினால் உள்ளவரும் மூட்டை கட்டுவர். முழுப்பங்கு உணவு கொடுத்தால் அவ்வெண் அசையாது. அரைப்பங்கு ஆக்கினால் மாதந்தோறும் நான்கு குறையும். ஒன்றும் கொடாவிடில் எட்டு. மேலதிகமாகக் கொடுத்தால் நான்கும், இரட்டைப் பங்கு கொடுத்தால் எட்டும் கூடும். பலவகை உணவு கொடுத்தால் அதற்கெனவும் சிறிது ஏற்றம் உண்டு. வரி இதற்கு எதிர்த்திசையில் இழுக்கிறது. மதுச்சாலையும் கோயிலும் ஏற்றத்துக்குத் துணை செய்யும். அவை செலவு மிக்கவை, பிற்பகுதிக்கு உரியவை, அவ்வளவே. ஆகவே அரசியல் என்பது இங்கே ஒரு சிறு கூட்டற் கணக்கு: களஞ்சியத்தால் ஏற்றியதை வரியால் இறக்கி, ஐம்பதுக்கு மேலே நின்றுகொள்வது.

இக்கணக்கை வெறும் கற்பனையென்று கருதுவோர் வேல்ஸ் நாட்டின் வரலாற்றைப் புரட்டுவாராக. முதலாம் எட்வேட் மன்னன் 1295 இல் ஆங்கிள்சித் தீவிலே பியூமாரிஸ் கோட்டையைத் தொடங்கினான். கட்டுவித்தவர் அக்காலத்தின் தலைசிறந்த கோட்டைச் சிற்பியாகிய சென் ஜோர்ஜ் ஜேம்ஸ். 1296 இல் அவர் அரசனின் கருவூலத்தாருக்கு அனுப்பிய கடிதம் இன்றும் உள்ளது. நானூறு கல்தச்சர், இரண்டாயிரம் கூலியாட்கள், இருநூறு கல்லுடைப்போர், முப்பது கொல்லர் எனக் கணக்குக் கூறும் அவர், கூலி நிலுவையிற் கிடப்பதையும், உண்ண வழியற்ற அவ்வாட்களை நிறுத்தி வைப்பது பெரும்பாடாக இருப்பதையும் எழுதுகிறார். திரையில் ஐம்பதுக்குக் கீழே இறங்கிய எண்ணின் பொருள் இதுதான். அக்கோட்டை ஒருகாலத்திலும் முற்றுப்பெறவில்லை.

இதுவரை விளையாட்டைப் புகழ்ந்தேன். இனி, என் மனத்தை உறுத்தும் ஒன்றையும் சொல்ல வேண்டும். கோட்டையினுள் பூந்தோட்டம், வசந்த விழாக் கம்பம், கரடியாட்டம் முதலியவற்றை அமைக்கலாம். தூக்குமரம், தொழுமரம், பாதாளச் சிறை, பிணந் தொங்கும் கூண்டு என்பவற்றையும் அமைக்கலாம். முன்னையவை அன்பை வளர்க்கும், படைவீரர்க்கு ஊக்கமளிக்கும்; ஆனால் குடிகள் வேடிக்கை பார்த்துக்கொண்டு வேலையைக் குறைப்பர். பின்னையவை அன்பைக் கெடுக்கும். ஆனால் அச்சத்தால் வேலை பெருகும். கைதேர்ந்த ஆட்டக்காரர் இதிலிருந்து கண்டுபிடித்த உபாயம் ஒன்றுண்டு. முதலிலே களஞ்சியத்தை நிரப்பி இரட்டைப் பங்கு உணவு கொடு. பின்னர் தூக்குமரங்களை வரிசையாக நாட்டு. உணவு ஏற்றிய அன்பைத் தூக்குமரம் சிறிது இறக்கும். எனினும் எண் ஐம்பதுக்குக் கீழே வராது. குடிகளும் போகார், வேலையும் பெருகும்.

இந்த உபாயம் பலிக்கிறது. நானே செய்து பார்த்தேன், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். வயிறு நிறைந்தால் மனிதன் தூக்குமரத்தின் நிழலிலும் உழைப்பான் என்று விளையாட்டை ஆக்கியோர் கணக்கிட்டிருக்கின்றனர். அக்கணக்கு முழுப் பொய்யென்று சொல்ல எனக்குத் துணிவில்லை. வரலாற்றிலே பாண் கொடுத்துக்கொண்டு நாவை அறுத்த ஆட்சிகள் உண்டு. ஆயினும் இதனைச் சிறுவர்க்கு ஒரு தந்திரமாக மாத்திரம் கற்பித்துவிட்டுப் போவது தகாது. தூக்குமரத்திலே தொங்குபவன் யார், அவன் செய்த குற்றம் யாது என்று அவ்விளையாட்டு எங்கும் சொல்வதில்லை. அவன் ஓர் அலங்காரப் பொருள். என் பேரனிடம் இதைக் கேட்டேன். “அது வெறும் படம் அப்பப்பா” என்றான். சற்றுப் பொறுத்து, “ஆர் எண்டு தெரியாது” என்றும் சொன்னான்.

விளையாட்டின் குடிகளுக்கு மெய்யான குடிகளுக்கு வாய்க்காத ஒரு பாக்கியமும் உண்டு: அவர்கள் வெறுத்தால் போய்விடலாம். பிரான்சிலே சேன் நதிக்கரைக் குன்றின்மேல் நிற்கும் சாட்டோ கையார் என்னும் கோட்டையை எண்ணிப் பாருங்கள். சிங்கநெஞ்சன் எனப்பட்ட முதலாம் றிச்சாட் 1196 முதல் 1198 வரையான குறுகிய காலத்துள் அதனைக் கட்டி முடித்தான். அக்காலத்துக் கோட்டைக் கலையின் சிகரம் அது. 1203 இல் பிரெஞ்சு மன்னன் இரண்டாம் பிலிப்பு அதனை முற்றுகையிட்டான். அடிவாரத்து ஊர்மக்கள் அஞ்சி ஓடி வந்து மதிலினுட் புகுந்தனர். காவலனாகிய றோஜர் டி லேசி களஞ்சியத்தைக் கணக்கிட்டான். போர் செய்ய இயலாத அம்மக்களைக் கூட்டங் கூட்டமாக வெளியேற்றினான். முதலிற் போனோரைப் பிலிப்பின் படை வழிவிட்டது. பின்னர் வந்தோருக்கு வழி அடைக்கப்பட்டது. பின்னே திரும்பினால் கோட்டை வாயில் மூடிக் கிடந்தது. மதிலுக்கும் முற்றுகைக்கும் இடையே, பனிக்காலத்திலே, அவர்கள் கிடந்து பசியால் மாண்டனர். எஞ்சியோரை இறுதியிலேயே பிலிப்பு போகவிட்டான். 1204 மார்ச் 6 ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது.

‘ஸ்ட்ரோங்ஹோல்ட்’ விளையாட்டிலே பசித்தோரை வெளியே துரத்தும் பொத்தான் இல்லை. அதனைக் கருணை என்பதா, மறைப்பு என்பதா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. ஆனால் அக்கேள்வியின் சாயல் ஒன்று ஒவ்வொரு முற்றுகையிலும் வருகிறது. விளைநிலம் பெரும்பாலும் உள்ளரணுக்குத் தொலைவிலேயே வாய்க்கும். அதனை வளைத்து மதிலெடுக்கக் கல் போதாது. ஆகவே உழவர் வெளியே இருப்பர், களஞ்சியம் உள்ளே இருக்கும். பகைவரின் கொடி தோன்றியதும் வாயிலை மூடினால் உணவு வரும் வழி அடைபடும். மூடாவிடில் பகைவன் புகுவான். இதற்கு ஒரே பரிகாரம், அமைதி நிலவும் மாதங்களிலேயே களஞ்சியத்தை நிரப்பி வைப்பதும், போறணைகளையும் காற்றாலையையும் மதிலுக்கு உள்ளே முற்றத்தை ஒட்டி வைப்பதும், கோதுமையை முற்றத்திற் குவித்து வைப்பதுமே. அப்படியாயின் வாயில் மூடிய பின்னரும் சிறிது காலம் போறணை எரியும். இவற்றைச் செய்த பின்னர் மதில் கட்டுங்கள்; எவ்வளவு உயரமாக வேண்டுமானாலும் கட்டுங்கள்.

நானோ, விளைச்சலைச் சுமந்துகொண்டு தொலைவில் வரும் கடைசி உழவன் உள்ளே புகும்வரை வாயிலை மூடுவதில்லை. அவன் மிக மெதுவாகவே நடப்பான். “மூடுங்கோ, மூடுங்கோ” என்று பேரன் என் தோளைப் பிடித்து உலுப்புவான். போர்முறையில் அவன் சொல்வதுதான் சரி. இந்த வழக்கத்தால் இதுவரை மூன்று முறை தோற்றிருக்கிறேன்.