அவருக்கு நிறுத்திவிட்டீர்கள், எனக்கு ஏன் நிறுத்தவில்லை?

புறநோயாளிகள் பிரிவில் காத்திருப்போர் தம் சிகிச்சையைப் பற்றி ஒருவரோடொருவர் பேசிக்கொள்வது இயல்பு. எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெற்ற ஒருவர், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மாத்திரைகளைத் தமக்கு நிறுத்திவிட்டதாக மகிழ்ச்சியுடன் கூறுவார். அருகில் இருக்கும் சிறுநீரக மாற்று நோயாளி உள்ளே வந்ததும் எங்களிடம் கேட்பார்: "டாக்டர், எனக்கு மட்டும் ஏன் ஆயுள் முழுவதும்?" இக்கேள்வி நியாயமானது. "நிறுத்தாதீர்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்புவது போதாது. காரணத்தையும் சொல்வது எங்கள் கடமை என்றே கருதுகிறோம்.

நோயெதிர்ப்புப் பணி புரியும் டி செல்கள், மார்பெலும்பின் பின்னுள்ள தைமஸ் சுரப்பியில் பயிற்சி பெறுகின்றன. சொந்த உடலைத் தாக்கக்கூடியவை பெரும்பாலும் அங்கேயே அழிக்கப்படுகின்றன. தப்பி வருபவற்றை அடக்கி வைக்க 'ஒழுங்குபடுத்தும் டி செல்கள்' உள்ளன. இவற்றை 1995இல் ஜப்பானிய அறிஞர் ஷிமோன் சகாகுச்சி அடையாளம் காட்டினார். இத்துறை ஆய்வுகளுக்காக அவருக்கும் மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருக்கும் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. தாக்க வல்ல செல்கள் தாக்காமல் விடும் இப்பண்பையே சகிப்புத்தன்மை என்கிறோம்.

மஜ்ஜை மாற்றத்தில் கொடையாளரின் எதிர்ப்புச் செல்களே நோயாளியின் உடலில் குடியேறுகின்றன. தொடக்கத்தில் அவை தோல், குடல், கல்லீரல் ஆகியவற்றைத் தாக்கக்கூடும். இதைத் தடுக்கப் பலருக்கு மாற்றத்திற்குப் பின் மூன்றாம், நான்காம் நாட்களில் சைக்ளோபாஸ்பமைடு தரப்படுகிறது. தாக்கும் நோக்குடன் விரைந்து பெருகும் செல்களை அது ஒடுக்குகிறது. ஒழுங்குபடுத்தும் செல்களோ அதைத் தாங்கும் நொதியைப் பெற்றிருப்பதால் பிழைக்கின்றன. பின்னர்ப் பிறக்கும் செல்கள் நோயாளியின் உடலிலேயே வளர்ந்து, அதைத் தம் வீடாகவே பழகிக்கொள்கின்றன. ஆகவே, சில மாதங்களுக்குப் பின், பாதிப்பு அறிகுறிகள் இல்லாத பலருக்கு மருந்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்த முடிகிறது.

சிறுநீரக மாற்றத்தில் நிலைமை வேறு. எதிர்ப்புச் செல்கள் நோயாளியுடையவை. வந்த உறுப்போ புதிது. அவருடைய மஜ்ஜை நாள்தோறும் உருவாக்கும் செல்களுக்கு அது அந்நியமாகவே தெரிகிறது. டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகள் அச்செல்களின் மனத்தை மாற்றுவதில்லை; கைகளைக் கட்டி வைக்கின்றன, அவ்வளவே. கட்டு தளர்ந்தால் தாக்குதல் தொடங்கும். அப்போது வலி இருக்காது. சிறுநீரும் வழக்கம்போலவே போகலாம். கிரியாட்டினின் உயர்ந்த பின்னரே தெரியவரும். அதற்குள் இழந்த திறன் முழுவதும் மீளாமற் போகலாம். "உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது" என்பது மருந்தின் பயனேயன்றி, மருந்து வேண்டாம் என்பதற்கான சான்று அன்று.

மருந்திலிருந்து விடுபட விரும்புவது தவறன்று. சர்க்கரை ஏறுதல், கை நடுக்கம், அடிக்கடி தொற்று, மாதந்தோறும் செலவு ஆகிய சுமைகளை நாங்கள் அறிவோம். ஒரே கொடையாளரின் சிறுநீரகத்தையும் மஜ்ஜைச் செல்களையும் சேர்த்து அளித்து, அமெரிக்க மையங்கள் சில, நோயாளிகள் சிலருக்கு மருந்தை முழுமையாக நிறுத்தியுள்ளன. ஆனால் அவை தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிடம், கடும் கண்காணிப்பில் நடந்த ஆய்வுகள். செய்தியில் படித்த நம்பிக்கை மருந்துச்சீட்டு ஆகாது.

குடும்பத்தாரிடம் எங்கள் வேண்டுகோள் சில. மாத்திரை தீரும்முன் வாங்கி வையுங்கள். பணம் போதவில்லையெனில் தீர்வதற்கு முன்பே கூறுங்கள். வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தால் உடனே தெரிவியுங்கள். மருந்தளவைச் சோதிக்க இரத்தம் கொடுக்கும் நாளில், காலை மாத்திரையை இரத்தம் எடுத்த பின்னரே கொடுங்கள். வேறு மருத்துவர் தரும் மருந்தையோ நாட்டு மருந்தையோ எங்களைக் கேட்காமல் சேர்க்காதீர்கள். ஒரு வேளை தவறிவிட்டால் மறைக்காதீர்கள். நாங்கள் கோபித்துக்கொள்வோம் என்ற அச்சத்தால் மறைக்கப்படும் தவறே சிறுநீரகத்தை இழக்கச் செய்கிறது.

உடலுக்குச் சகிப்புத்தன்மையைக் கற்பிக்கும் வழி ஒருநாள் எல்லோருக்கும் கிட்டலாம். அந்நாள்வரை வந்த உறுப்பைக் காப்பாற்றி வைத்திருப்பவருக்கே அதன் பயனும் கிட்டும்.