பேடு மட்டும் மாத்தினா போதுமா? பழைய காருக்கு பிரேக் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

மந்தைவெளியில் மெட்ரோ வேலை ஆரம்பித்ததிலிருந்து எங்கள் வீட்டு சான்ட்ரோவில் ஆக்ஸிலரேட்டரைவிட பிரேக்குக்குத்தான் வேலை அதிகம். ஆர்.கே. மடம் சாலைப் பக்கம் போனால் பத்தடி நகர்வதற்குள் ஒரு மிதி, அடுத்த பத்தடியில் இன்னொரு மிதி.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, பாட்டியைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் போன ஷேர் ஆட்டோ, யாரோ கை காட்டினார்கள் என்று நடுரோட்டில் நின்றுவிட்டது. நானும் மிதித்தேன். 'கிரீச்' என்று இரும்போடு இரும்பு உரசும் சத்தம். வண்டி நேராக நிற்காமல் வலது பக்கமாக, மெட்ரோ தடுப்பை நோக்கி இழுத்துக்கொண்டு போனது. நின்றபோது ஆட்டோவுக்கும் எங்கள் பம்பருக்கும் நடுவே ஒரு சாண் இடம்தான் மிச்சம். பாட்டியின் மடியில் இருந்த தண்ணீர் பாட்டில் பறந்து வந்து கியர் பக்கத்தில் விழுந்தது.

"ஏன்டி, வண்டி இப்படிக் கத்துது?" என்றார் பாட்டி.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். "போன தீபாவளிக்குத்தானேம்மா பேடு மாத்தினோம்? அதுக்குள்ள எப்படிம்மா தேயும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு விடை தேடிப் போனபோது தெரிந்துகொண்டதுதான் இந்த வாரக் கட்டுரை.

கழற்றியபோது தெரிந்தது

எங்களுடையது 2011 மாடல் சான்ட்ரோ. இங்கே ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தயாரான வண்டி. அந்தப் பழைய சான்ட்ரோவின் தயாரிப்பு 2014-ன் இறுதியில் நின்றுவிட்டது. அந்தக் காலத்துச் சின்ன கார்கள் பலவற்றைப் போல இதிலும் முன் சக்கரங்களில் டிஸ்க், பின் சக்கரங்களில் டிரம். பிரேக் மிதிக்கும்போது வண்டியின் எடை முன்பக்கம் சாய்வதால், நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் டிஸ்க்குகளுக்குத்தான்.

தீபாவளிக்கு பேடு மாற்றிய கடைக்குப் போகாமல், தெருமுனையில் இருக்கும் வேறொரு மெக்கானிக் அண்ணாவிடம் வண்டியை விட்டேன். முன் சக்கரங்களைக் கழற்றி, பேடுகளை எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தார். வலது சக்கரத்துப் பேடு இரண்டும் கிட்டத்தட்டப் புதிது. இடது சக்கரத்தில் வெளிப்பக்கப் பேடும் புதிதுபோலவே இருந்தது. ஆனால் உள்பக்கப் பேடில் உராயும் பொருளே இல்லை. வெறும் இரும்புத் தகடு. அந்தத் தகடு டிஸ்க்கில் உரசி, பழைய கிராமபோன் ரெக்கார்டு மாதிரி கோடு கோடாகக் கீறி வைத்திருந்தது.

"பேடு மேல தப்பில்லம்மா. இந்த பின்னைப் பாருங்க" என்று காலிப்பரைக் காட்டினார். பேடுகளை அமுக்கிப் பிடிக்கிற பகுதிதான் காலிப்பர். அது இரண்டு பின்களின் மேல் முன்னும் பின்னும் நகர வேண்டும். அப்போதுதான் டிஸ்க்கின் இரு பக்கமும் சமமாகப் பிடிக்கும். எங்கள் வண்டியில் இடது பக்கத்து ரப்பர் உறை கிழிந்து, தண்ணீர் புகுந்து, பின் துருப்பிடித்து இறுகியிருந்தது. அதனால் உள்பக்கப் பேடு மட்டுமே உழைத்து, தேய்ந்தும் போயிருந்தது. இடது சக்கரம் சரியாகப் பிடிக்காமல் வலது சக்கரம் மட்டும் முழுசாகப் பிடித்ததால்தான் வண்டி வலது பக்கம் இழுத்திருக்கிறது.

தீபாவளிக்கு வேலை பார்த்த கடையில் பழைய பேடை எடுத்துவிட்டுப் புதிய பேடைச் சொருகியதோடு சரி. பின்னைக் கழற்றிப் பார்க்கவில்லை.

டிஸ்க்கை எப்போது மாற்ற வேண்டும்?

இங்கேதான் நம்மில் பலர் ஏமாறுகிறோம். ஒரு கடையில் "டிஸ்க்கெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்பார்கள். இன்னொரு கடையில் பார்க்காமலே "செட்டா மாத்திடுங்க" என்பார்கள். இரண்டுமே கண்ணை மூடிக்கொண்டு சொல்வது. சரியான பதில் டிஸ்க்கிலேயே எழுதியிருக்கிறது.

பெரும்பாலான டிஸ்க்குகளின் ஓரத்திலோ நடுப்பகுதியிலோ 'மின் டிஹெச்' என்ற ஆங்கில எழுத்துகளும் மில்லிமீட்டரில் ஓர் எண்ணும் பொறித்திருக்கும். டிஸ்க் தேய்ந்து தேய்ந்து எவ்வளவு மெலியலாம் என்பதற்கான கடைசி எல்லை அது. துருவில் எழுத்து மறைந்திருந்தால் கம்பி பிரஷ் போட்டால் தெரியும். அப்படியும் தெரியாவிட்டால் சர்வீஸ் புத்தகத்தில் பார்க்கலாம். வெர்னியர் அல்லது மைக்ரோமீட்டரால் டிஸ்க்கைச் சுற்றி நாலைந்து இடத்தில் அளந்து, அந்த எண்ணோடு ஒப்பிட வேண்டும். அதைவிடக் குறைந்துவிட்டால் பேச்சே இல்லை, மாற்றியே ஆக வேண்டும். மெலிந்த டிஸ்க் சூட்டைத் தாங்காது. விரிசல் விடவும் வாய்ப்பு உண்டு.

எல்லைக்குள் இருந்து, லேசான கோடுகள் மட்டும் இருந்தால் லேத்தில் கொடுத்து சீவிக்கொள்ளலாம். ஆனால் சீவிய பிறகும் அந்தக் கடைசி எண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். பழைய காரில் பல நேரம் அந்த இடைவெளி இருக்காது.

பிரேக் மிதிக்கும்போது ஸ்டீயரிங் உதறுகிறதா? பெடல் காலுக்கடியில் துடிக்கிறதா? டிஸ்க் சீராக இல்லை என்பதற்கான அடையாளம். காலையில் வண்டி எடுக்கும்போது மட்டும் லேசாக உரசி, நாலு மிதியில் போய்விடுகிறதா? ராத்திரி ஈரத்தில் படிந்த மேல் துருவாக இருக்கலாம். கடற்கரைக் காற்று வீசும் ஊரில் இது சகஜம். பயப்பட வேண்டாம்.

பேடுக்கும் ஒரு கணக்கு உண்டு. புதிதில் உராயும் பொருள் சுமார் 10 மில்லிமீட்டர் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றுவது நல்லது. உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். வெளிப்பக்கம் மட்டும் பார்த்திருந்தால் எங்கள் வண்டியில் எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் தெரிந்திருக்கும்.

எங்கள் இடது டிஸ்க் எல்லையைத் தாண்டியிருந்தது. வலது டிஸ்க் தாண்டவில்லை. "அப்போ ஒண்ணு மட்டும் மாத்தினா போதாதா?" என்றார் அப்பா. "ஒரு கால்ல புதுச் செருப்பு, ஒரு கால்ல பழசு போட்டு ஓடுவீங்களா சார்?" என்று சிரித்தார் மெக்கானிக். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பிடித்தால்தான் வண்டி நேராக நிற்கும். டிஸ்க்கோ பேடோ, முன்பக்கம் என்றால் இரு சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

ஜி.பி. ரோட்டில் ஒரு மதியம்

சென்னையில் கார் உதிரி பாகம் என்றால் ஜி.பி. ரோடுதான். "எந்த வருஷம்? எந்த மேக் வேணும்?" என்பதுதான் கடையில் முதல் கேள்வி. ஆர்.சி. நகலையும் கழற்றிய பழைய பேடையும் கையோடு கொண்டு போனது நல்லதாயிற்று. ஒரே பெயரில் வந்த காரிலேயே வருடத்துக்கு வருடம் காலிப்பர் மாறியிருக்கலாம்.

என் முன்னால் மூன்று வகைப் பெட்டிகள் வந்தன. ஒன்று, கார் கம்பெனியின் சொந்தப் பெட்டியில் வருவது. இரண்டாவது, பிரேக் தயாரிக்கும் நிறுவனங்களே தங்கள் பெயரில் விற்பது. மூன்றாவது, பெயர் தெரியாத மலிவு ரகம்.

இரண்டாவது வகையில் நம்ம ஊருக்குத் தனிப் பெருமை உண்டு. டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனமும் சேர்ந்து 1962-ல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, நம்ம பாடியில் பிறந்ததுதான். 'டி.வி.எஸ். கர்லிங்' என்ற பெயரில் அதன் பொருள்கள் கிடைக்கின்றன. ரானே, சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் என்று பிரேக் உராய்வுப் பொருள் தயாரிப்பில் பழம் தின்று கொட்டை போட்டவர்களும் சென்னைக்காரர்களே. கார் கம்பெனிகளுக்கு நேரடியாக பிரேக் கொடுக்கும் தயாரிப்பாளரின் பேடு, கம்பெனிப் பெட்டியில் வருவதைவிட விலை குறைவாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். பெயர் இல்லாத மலிவு ரகத்தை மட்டும் தொட வேண்டாம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

* பெட்டியில் பாக எண், தயாரித்த மாதம், எம்.ஆர்.பி., தயாரிப்பாளர் முகவரி எல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். பேடின் முதுகிலும் எண் பொறித்திருக்கும். இரண்டும் பொருந்துகிறதா பாருங்கள். பிரபல பெயர்களில்தான் டூப்ளிகேட் அதிகம்.

* 'ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். ஆஸ்பெஸ்டாஸ் தூசு நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும். பழைய பேடில் என்ன இருந்தது என்று நமக்குத் தெரியாது. எனவே பிரேக் தூசை வாயால் ஊதவோ காற்றடித்துத் தட்டவோ விட வேண்டாம். ஈரத் துணியால் துடைப்பதே நல்லது.

* உலோகத் துகள் அதிகம் கலந்த பேடு சூட்டை நன்றாகத் தாங்கும். ஆனால் டிஸ்க்கைக் கொஞ்சம் வேகமாகத் தேய்க்கும், சத்தமும் தரும். செராமிக் பேடு சத்தமும் தூசும் குறைவு, விலை அதிகம். ஊருக்குள் ஓடும் சின்ன காருக்கு, கம்பெனி முதலில் பொருத்தியிருந்த அதே ரகமே போதும்.

* ஓட்டை போட்ட, கோடு வெட்டிய டிஸ்க்குகள் பார்க்க அழகாக இருக்கும். அடையாறுக்கும் மந்தைவெளிக்கும் நடுவே ஓட்டுகிறவர்களுக்கு அது வீண் செலவு.

* பெரும்பாலான கார் பாகங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்திருக்கிறது. பில் கேட்டு வாங்குங்கள்.

பொருத்தும்போது பக்கத்தில் நில்லுங்கள்

நல்ல பொருள் வாங்கினாலும் பொருத்துவதில் கோட்டை விட்டால் பலன் இல்லை. புதிய டிஸ்க்கில் துருப் பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். அதை பிரேக் கிளீனரால் துடைத்த பிறகே பொருத்த வேண்டும். டிஸ்க் உட்காரும் ஹப்பில் துரு இருந்தால் தேய்த்து எடுக்க வேண்டும். இல்லையென்றால் புதிய டிஸ்க்கும் உதறும். காலிப்பர் பின்னைக் கழற்றி, சுத்தம் செய்து, அதற்கென்று உள்ள கிரீஸ் போட்டு, கிழிந்த ரப்பர் உறையை மாற்ற வேண்டும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றி, லைனில் ஏர் எடுத்துவிடுவது நல்லது. மூடியில் டாட் 3, டாட் 4 என்று எது போட்டிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள்.

வேலை முடிந்து சாவி கைக்கு வந்ததும் வண்டியை நகர்த்தாதீர்கள். பேடு மாற்றிய பிறகு முதல் மிதியில் பெடல் தரை வரை போகும். நின்ற இடத்திலேயே நாலைந்து முறை மிதித்து, பெடல் கெட்டியான பிறகே கியர் போட வேண்டும். அடுத்த 200, 300 கிலோமீட்டருக்கு அவசரம் இல்லாவிட்டால் திடீர் பிரேக் வேண்டாம். மெதுவாக மிதித்து வேகத்தைக் குறைத்தாலே பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படியும்.

கணக்கு

எங்களுக்கு ஆனது: பேடு 1,150 ரூபாய், டிஸ்க் இரண்டும் 3,100, ஆயில் 300, பின், ரப்பர் செட் 250, கூலி 1,200. மொத்தம் 6,000 ரூபாய். இதில் அந்த 250 ரூபாய் வேலையைத் தீபாவளிக்கே செய்திருந்தால் 3,100 ரூபாய் டிஸ்க்கை இப்போது வாங்கியிருக்க வேண்டாம். பாட்டியோடு அந்த ஒரு சாண் தூரத்தில் நின்றிருக்கவும் வேண்டாம்.

புதிய கார்கள் எல்லாவற்றுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். அதற்கு முந்தைய சின்ன கார்கள் பலவற்றில் அது இல்லை. அவற்றில் ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் நம்மைக் காப்பாற்ற வேறு எதுவும் இல்லை. அதோடு, 40 கிலோமீட்டர் வேகத்தில் போவதைவிட 60-ல் போகும்போது பிரேக் அடக்க வேண்டிய சக்தி இரண்டேகால் மடங்கு. ராத்திரி காலி ரோட்டில் வேகமாகப் போகும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சொந்த உபயோகக் காரின் பதிவு 15 வருடத்துக்குத்தான். அதன் பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். எங்கள் சான்ட்ரோ இப்போது அந்த வயதில்தான் நிற்கிறது. விற்றுவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்த அப்பா, புதிய பிரேக்கோடு மெரினா வரை ஒரு சுற்று போய்விட்டு வந்து, "இன்னும் அஞ்சு வருஷம் ஓடும்" என்கிறார். மெக்கானிக் அளந்து சொன்ன டிஸ்க் தடிமனையும் தேதியையும் எழுதி ஆர்.சி. கவரில் வைத்திருக்கிறார். அடுத்த சர்வீஸில் அந்தச் சீட்டை நீட்டி, "இப்போ எவ்வளவு இருக்கு, அளந்து சொல்லுங்க" என்று கேட்கப் போகிறாராம்.

நீங்களும் கேளுங்கள். உங்கள் வண்டியில் பேடு மாற்றும்போது, "பின்னைக் கழற்றிப் பார்த்தீங்களா அண்ணா?" என்ற கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்.