கேரி தீவுப் பக்கம் ஒரு துண்டு நிலம்

"வாம்மா, ஒரு நிலம் பார்த்திருக்கேன். கேரி தீவு பக்கம். ஐயாயிரம் சதுர அடி. துறைமுகம் வந்தா விலை எங்கேயோ போயிடும்" என்றார் சித்தப்பா. 55 வயது முடிந்து சேமநிதிப் பணம் கைக்கு வந்த வாரம் அது. சனிக்கிழமைக்குள் முன்பணம் கட்டச் சொல்லியிருந்தார் தரகர்.

"முதல்ல போய்ப் பார்ப்போம் சித்தப்பா" என்று காரை எடுத்தேன்.

துறைமுகப் பேச்சு புதிதல்ல. 2017இலேயே செய்தியில் அடிபட்டதுதான். கேரி தீவின் பெரும்பகுதி செம்பனைத் தோட்டம். மா மெரி பூர்வகுடி மக்களின் கிராமங்களும் அங்கே உண்டு. அதனால், 'கேரி தீவு' என்று விளம்பரம் வந்தால், நிலம் பாலத்துக்கு எந்தப் பக்கம் என்று கேளுங்கள். சித்தப்பாவின் நிலம் இக்கரையில், தெலுக் பங்லிமா காராங்கில் இருந்தது.

அந்தப் பக்கம் தாழ்வான, களிமண் பூமி. மண் மென்மையாக இருந்தால், வீடு கட்ட பைலிங் செலவு கூடும். ஆகவே மழை விட்ட மறுநாள், கடல் ஏறும் நேரம் பார்த்துப் போங்கள். வடிகால் நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது? பக்கத்து வீட்டுச் சுவரில் விரிசலோ நீர்க்கறையோ இருக்கிறதா? நாங்கள் போனபோது, எதிர்வீட்டுப் பாட்டி தம் முழங்காலைத் தொட்டுக் காட்டி, "தண்ணி இதுவரைக்கும் வரும்" என்றார். உள்ளே போகும் செம்மண் பாதையும் வேறொருவர் நிலத்தின் வழியாகத்தான் போனது.

அதைவிட முக்கியம் நிலப்பட்டா. நிலம் விவசாயமா, கட்டடமா, தொழில்துறையா என்று அதில் இருக்கும். 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி, விவசாய நிலத்தைப் பொதுவாக 0.4 ஹெக்டருக்கு, அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கருக்குக் குறைவாகப் பிரிக்க முடியாது. ஐயாயிரம் சதுர அடியோ ஒரு ஏக்கரில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. அப்படியானால் விற்பது தனி லோட் அல்ல, பங்கு. பட்டாவில் பலரோடு உங்கள் பெயரும் இருக்கும். 'இந்த மூலை என்னுடையது' என்பதற்குப் பட்டாவில் எல்லை இருக்காது. வங்கிக் கடன் கிடைப்பதும் கடினம்.

முன்பணத்துக்கு முன் 'சாரியான் ராஸ்மி' எடுங்கள். மாவட்டப் பட்டா என்றால் கோல லங்காட் நில அலுவலகம். பதிவகப் பட்டா என்றால் ஷா ஆலாம். உரிமையாளர் யார், வங்கியில் அடமானமா, கேவியட் போட்டிருக்கிறார்களா, விற்கத் தடை உண்டா, மலாய் ஒதுக்கீட்டு நிலமா என்றெல்லாம் அதில் தெரியும். மலாய் ஒதுக்கீடு என்றால் நம் பெயருக்கு மாறாது. அந்த இடம் எதற்கு ஒதுக்கப்பட்டது என்பதை நகராண்மைக் கழகத்தின் உள்ளூர்த் திட்டத்தில் பார்க்கலாம்.

சித்தப்பா சாரியான் எடுத்தார். விவசாய நிலம், பட்டாவில் ஏற்கெனவே 19 பெயர்கள். தரகருக்குப் போன் போட்டு, "இருபதாவது ஆளா நான் வரலைப்பா" என்றார்.

தேடலுக்கு ஆகும் செலவு, கட்டவிருந்த முன்பணத்தோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. நல்ல நிலமாக இருந்தால் அடுத்த சனிக்கிழமையும் அங்கேயேதான் இருக்கும். அவசரப்படுத்துகிறவரிடம் அதையே சொல்லுங்கள்.